‘ஆ’ காட்டுங்கள்

ஒருவர் வாயைத் திறந்து ‘ஆ’ காட்டுகிறார். மற்றொருவர் கைவிளக்கின் ஒளியில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பார்க்கிறார். எல்லாம் இரண்டு நிமிட வேலை. இதில் ஆராய்ச்சி செய்ய என்னதான் இருக்கிறது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். நான் வைத்திய மாணவன் அல்லன்; புள்ளியியலில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிப்பவன். எனினும் இப்போது அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பேரேடும் ஒரு மஞ்சள் சீட்டும்.

சென்ற நவம்பர் மாதம் காசியில் வாய் நோய்ச் சோதனை முகாம் ஒன்று நடந்தது. நம் தமிழ் மாணவர்கள் நால்வர் தொண்டர்களாகச் சென்றிருந்தோம். மற்ற மூவருக்கும் வரிசையை ஒழுங்கு செய்யும் வேலை. “கணக்குப் படிக்கிறவனை எழுத வையுங்கள்” என்று சொல்லி என்னைப் பேரேட்டின் முன் உட்கார்த்திவிட்டார்கள். பெயர், வயது, என்ன மெல்லுகிறார், எத்தனை ஆண்டுகளாக மெல்லுகிறார், வாயில் கண்டது என்ன என்று பத்திகள். கடைசிப் பத்தியில் ‘சீட்டு’ என்று ஒரு சொல். சந்தேகப்படும்படி ஏதேனும் தென்பட்டால் அவருக்கு ஒரு மஞ்சள் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று நூற்றுக்கு மேற்பட்ட ரிக்ஷாக்காரர்களும் படகோட்டிகளும் நெசவாளர்களும் வந்தார்கள். பலருடைய வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்கும் திறக்கவில்லை.

காசியில் இருந்துகொண்டு தாம்பூலத்தைப் பழிப்பது கும்பகோணத்தில் இருந்துகொண்டு காப்பியைப் பழிப்பது போன்றது. லங்கா சந்திப்பில் பான் கடையைத் தாண்டாமல் விடுதிக்குத் திரும்ப முடியுமா? ஆனால் நம்மவர்க்கும் இது அயலான கதை அன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்றோர் ஊர் இருக்கிறது. முன்னாளில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது; 1956 நவம்பரில்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அங்குள்ள மிஷன் மருத்துவமனையில்தான், 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் கலந்துகொண்ட டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் பல ஆண்டுகள் அறுவை வைத்தியம் செய்தார். அதே நெய்யூரில் பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஆர் என்பவர், வெற்றிலை பாக்கு மெல்லும் திருவிதாங்கூர் மக்களிடையே காணும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இத்துறையில் இன்றளவும் பேசப்படும் பழைய கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

மேல்நாட்டில் வாய்ப்புற்று என்றால் பெரும்பாலும் நாக்கின் ஓரமும் வாயின் அடித்தளமுமே நினைவுக்கு வரும். நம் நாட்டிலோ கன்னத்தின் உட்புறமும், கன்னமும் ஈறும் கூடும் பள்ளமும்தான் முதன்மையான இடங்கள். காரணம் வெளிப்படை. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த உருண்டையை நாம் அடக்கி வைக்கும் இடம் அது. இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. வயிற்றில் வரும் புற்றைக் காண எத்தனையோ கருவிகள் வேண்டும். இதைக் காண விளக்கும் கண்ணும் போதும். அப்படியிருந்தும் நம் நாட்டில் வாய்ப்புற்று நோயாளிகளில் மிகப் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனை வாயிலை மிதிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நோய் ஏன் காலம் கடந்து கண்டறியப்படுகிறது என்பதே இந்த ஆராய்ச்சிகளின் மூலக் கேள்வி.

முகாமில் பார்த்தவர்கள் எதைத் தேடினார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தேடியது புற்றை மட்டுமன்று. புற்றுக்கு முந்திய நிலைகளையும் தேடினார்கள். ஒன்று, வெள்ளைத் திட்டு. இதை அடையாளம் காணும் முறை விசித்திரமானது. துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். துடைத்தால் போய்விடுவது பெரும்பாலும் காளான் தொற்று. துடைத்தும் போகாமல், கூரான பல் உராய்ந்தது, வேறு தோல் நோய் என்று எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் எஞ்சி நிற்பதற்கே ‘லூக்கோப்ளேக்கியா’ என்று பெயர். வேறொன்றும் இல்லை என்று தள்ளித் தள்ளி வந்து சேரும் முடிவு அது. வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. எது மாறும், எது மாறாது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லவும் இயலாது. மற்றொன்று, சிவப்புத் திட்டு. பட்டுப்போல் சிவந்திருக்கும், வலிக்காது. அரிதாகவே தென்படும். ஆனால் தென்பட்டால் டாக்டர்களின் முகம் மாறிவிடும். அதிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பெரும்பாலும் அங்கே புற்றோ அதற்கு மிக நெருங்கிய நிலையோ இருக்கும்.

மூன்றாவது, வாய் இறுகிப் போகும் நோய். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை விவரித்தார். அவர் கண்ட நோயாளிகள் கென்யாவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்கள். மறு ஆண்டு பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ஜோஷி இன்று வழங்கும் பெயரைத் தந்தார். வாயின் மேல்தோலுக்கு அடியில் நார் படிந்து விடுவது இந்த நோய். பாக்கிலுள்ள அரிக்கோலின் போன்ற பொருள்கள், நார் நெய்யும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. நெய்த நார் கரைவதும் குறைகிறது. முதலில் காரம் பட்டால் எரிச்சல், பிறகு கன்னம் வெளுத்துப்போதல், பிறகு தொட்டால் கயிறு கயிறாகத் தட்டுப்படுதல், கடைசியில் வாய் திறவாமை. மேல் வெட்டுப் பல்லுக்கும் கீழ் வெட்டுப் பல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து இதன் கடுமையைக் கணிக்கிறார்கள். நல்ல நிலையிலுள்ள வயதுவந்தவர்க்கு அது ஏறக்குறைய 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். அளவுகோல் இல்லாதவர் தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை மறுக்க வேண்டும். “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று நம் விடுதியிலேயே சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட 85ஆம் தொகுதியில், புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. குற்றவாளி அதற்குள் ஒளிந்திருக்கும் பாக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்காவைப் பல மாநிலங்கள் 2012 முதல் அடுத்தடுத்துத் தடை செய்தன. கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலும் வைத்து விற்றார்கள். வாங்குகிறவனே கலந்துகொள்கிறான். சட்டமும் மீறப்படவில்லை, வாயும் பிழைக்கவில்லை!

இனி என் துறைக்கு வருகிறேன். பார்ப்பவரின் கண் எவ்வளவு நம்பத்தக்கது? அதை எப்படி அளப்பது?

ஒரு சோதனைக்கு இரண்டு கடமைகள் உண்டு. நோயுள்ளவரைப் பிடிக்க வேண்டும். நோயற்றவரை விட்டுவிட வேண்டும். பாடப் புத்தகங்கள் இவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்களைத் தருகின்றன; நான் ‘பிடிக்கும் திறன்’, ‘விடும் திறன்’ என்றே சொல்லிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் உயர்த்துவது எளிது. வருகிற எல்லோருக்கும் மஞ்சள் சீட்டுக் கொடுத்தால் பிடிக்கும் திறன் நூற்றுக்கு நூறு. ஒருவருக்கும் கொடுக்காவிட்டால் விடும் திறன் நூற்றுக்கு நூறு. இரண்டையும் ஒருங்கே உயர்த்துவதுதான் அரிது.

திருவனந்தபுரத்தில் இதை அளந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற 14 சுகாதாரப் பணியாளர்கள் முன்பே பார்த்திருந்த 2,069 பேரை மூன்று டாக்டர்கள் மறுமுறை பார்த்தார்கள். டாக்டர்களின் முடிவைச் சரியென்று கொண்டால், பணியாளர்களின் பிடிக்கும் திறன் நூற்றுக்கு 94.3, விடும் திறன் நூற்றுக்கு 99.3. இது 1997இல் வெளிவந்தது. வைத்தியம் படிக்காதவர்களுக்கு இது வியக்கத்தக்க தேர்ச்சி. அவர்களுக்கும் முன்பே, 1984இல் இலங்கையிலிருந்து இத்தகைய ஓர் ஆய்வு வெளிவந்தது. 34 சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் சுமார் 28,000 பேரின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டு அனுப்பியவற்றில் மிகப் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. பல் வைத்தியர் அருகில் இல்லாத நாடுகளுக்கு இது நம்பிக்கை தந்த செய்தி. எத்தனை பேரை அனுப்பினார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் நூற்றுக்கு 94, நூற்றுக்கு 99 என்ற எண்களைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 10,000 பேர். அவர்களுள் 100 பேருக்கு உண்மையில் திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 94 பேர் பிடிபடுவார்கள். எஞ்சிய 9,900 பேரில் நூற்றுக்கு ஒருவர் தவறாகப் பிடிபட்டாலும் 99 பேர். ஆக, சீட்டு வாங்கிய 193 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்க்கு ஒன்றுமில்லை! அதே கண், அதே விளக்கு. ஆனால் மெல்லும் பழக்கமே அருகிய ஊர், அங்கே 10 பேருக்குத்தான் திட்டு என்றால்? 9 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். ஏறக்குறைய 100 பேர் வீணாகக் கலங்குவார்கள். எனவே ஒரு சோதனை நல்லதா என்பது சோதனையை மட்டும் பொறுத்ததன்று; யாருக்குச் செய்கிறோம் என்பதையும் பொறுத்தது.

இன்னும் ஒரு சிக்கல். டாக்டரின் கண்ணை அளவுகோலாக வைத்துப் பணியாளரை அளந்தோம். டாக்டரை எதனால் அளப்பது? சிறு துண்டை வெட்டியெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதே முடிவான சோதனை என்பார்கள். சந்தேகத்துக்குரிய வாயில் வெட்டலாம்; ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் நல்ல கன்னத்தை ஆராய்ச்சிக்காக வெட்ட முடியுமா? எந்த நியாயம் அதை ஒப்பும்? ஆகையால் தப்பிப்போனவர்கள் எத்தனை பேர் என்று அறிய மறுசோதனையையோ, பல ஆண்டுகள் காத்திருந்து புற்றுநோய்ப் பதிவேட்டில் பெயர் வருகிறதா என்று பார்ப்பதையோதான் நம்ப வேண்டியிருக்கிறது. பூதக்கண்ணாடியும் தெய்வ வாக்கு அன்று. உயிரணுக்கள் ‘சிறிதே கெட்டிருக்கின்றன’, ‘நடுத்தரமாகக் கெட்டிருக்கின்றன’ என்று தரம் பிரிப்பதில் தேர்ந்த நிபுணர்கள் இருவரே ஒரே துண்டைப் பார்த்து மாறுபடுவதுண்டு. நீலச் சாயம் தடவிப் பார்ப்பது, தனி நிற ஒளியில் பார்ப்பது என்று பல துணைச் சோதனைகள் வந்திருக்கின்றன. அவை எங்கே வெட்டலாம் என்று காட்ட உதவக்கூடும். வெட்டிப் பார்ப்பதன் இடத்தைப் பிடிக்கும் தகுதி அவற்றுக்கு இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இவ்வளவும் கண்டறிதலைப் பற்றியது. கண்டறிந்தால் உயிர் பிழைக்குமா என்பது வேறு கேள்வி. “முன்னதாகக் கண்டறிந்தவர்கள் அதிக ஆண்டுகள் உயிரோடிருக்கிறார்கள், ஆகவே பயன் உண்டு” என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் கண்ணி இருக்கிறது. நாம் எல்லோரும் ஏறும் கங்கா காவேரி வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே பெட்டியில் சென்னைக்குப் போகிறார்கள். ஒருவன் நாகபுரியில் விழித்துக்கொள்கிறான். மற்றவன் கூடூர் வரை தூங்குகிறான். நாகபுரியில் விழித்தவன், “நான் விழித்த பிறகு எவ்வளவு நேரம் பயணம் செய்தேன் தெரியுமா?” என்று பெருமை பேசலாம். ஆனால் இருவரும் சென்னையில் இறங்கியது ஒரே நிமிஷத்தில்! நோயை முன்னதாக அறிந்தவன், அறிந்த பிறகு நெடுநாள் வாழ்ந்தான் என்பது மட்டும் போதாது. சாவு தள்ளிப்போயிற்றா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, சோதிக்கப்பட்ட ஊர்களையும் சோதிக்கப்படாத ஊர்களையும் எடுத்து, இரண்டிலும் வாய்ப்புற்றால் இறந்தவர்களை எண்ணுவது.

அதைத்தான் 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கினார்கள். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமும் லியோன் நிலையமும் சேர்ந்து செய்த வேலை, டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமை. 13 பஞ்சாயத்துகள், அவற்றுள் எவை சோதிக்கப்பட வேண்டும் என்பதை யாரும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் 7 ஒரு பக்கம், 6 மறு பக்கம் என்று பிரித்தார்கள். 35 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் ஒரு பக்கம் 96,517 பேர், மறு பக்கம் 95,356 பேர். ஆளுக்காள் பிரிக்காமல் ஊருக்கு ஊர் பிரித்ததன் காரணம் எளிது. ஒரு வீட்டில் அண்ணன் வாயைப் பார்த்து, தம்பி வாயைப் பாராமல் வர முடியுமா? பட்டம் பெற்ற, ஆனால் வைத்தியம் படிக்காத பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்றாண்டுக்கு ஒருமுறையாக மூன்று சுற்றுகள் பார்த்தார்கள்.

முடிவு 2005இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சோதித்த ஊர்களில் 205 வாய்ப்புற்றுகள், 77 சாவுகள். சோதிக்காத ஊர்களில் 158 புற்றுகள், 87 சாவுகள். முதல் பார்வையில் குழப்பமாக இருக்கும்: பார்த்த இடத்தில் புற்று கூடுதல், சாவு குறைவு! தேடினால் கூடுதலாகக் கிடைக்கத்தானே செய்யும்? எண்ண வேண்டியது சாவைத்தான். சாவு விகிதத்தை ஒப்பிட்டால் 0.79, அஃதாவது நூற்றுக்கு 21 குறைவு. ஆனால் தற்செயலுக்கு இடம் விட்டுக் கணித்தால் அந்த விகிதம் 0.51 முதல் 1.22 வரை எங்கும் இருக்கலாம். ஒன்றைத் தாண்டிவிட்டது, ஆகவே எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பயன் மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் தனியே எடுத்தபோது, 70 சாவுகள் ஒரு பக்கம், 85 மறு பக்கம், விகிதம் 0.66, எல்லை 0.45 முதல் 0.95 வரை. ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. நூற்றுக்கு 34 சாவு குறைந்திருக்கிறது. மேலே நாம் போட்ட கற்பனைக் கணக்கை நினைவுகூருங்கள்: யாருக்குச் சோதனை என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவு பெரிய ஆய்வில், எளிய கைவிளக்கு, வைத்தியரல்லாத பணியாளர், கிராமத்துத் திண்ணை ஆகியவற்றை வைத்துச் சாவைக் குறைக்க முடிந்தது என்பது இந்திய விஞ்ஞானத்துக்கு ஒரு பெருமை. 15 ஆண்டுக் கணக்கு 2013இல் வெளிவந்தது. அதற்குள் நான்காம் சுற்றும் முடிந்திருந்தது. பழக்கமுள்ளவர்களில் நான்கு சுற்றுக்கும் தவறாமல் வந்தவர்களிடம் சாவு நூற்றுக்கு 81 குறைந்திருந்ததாம். இந்த எண்ணை மட்டும் நான் சற்று எச்சரிக்கையோடு படிக்கிறேன். நான்கு முறையும் தவறாமல் வருபவன் பொதுவாகவே உடம்பைப் பேணுபவன். சோதனை இல்லாவிட்டாலும் அவன் பிழைத்திருக்கக்கூடும். குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக்கு உள்ள வலிமை இந்த ஒப்பீட்டுக்கு இல்லை.

இப்போது அந்த மஞ்சள் சீட்டுக்கு வருகிறேன். திருவனந்தபுரத்து ஆய்வில் திட்டோ புண்ணோ தென்பட்டு, மேற்சோதனைக்கு வரும்படி சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். நூற்றுக்கு 63. இலங்கையில் பாதியைச் சற்று மிஞ்சியவர்களே போனார்கள். கண் சரியாகக் கண்டது, கை சரியாக எழுதியது, சீட்டும் கையில் இருக்கிறது. ஆனால் ஆள் போகவில்லை. திருவனந்தபுரத்தில் அப்படிப் போகாதவர்கள் 1,927 பேர். இந்த எண்ணை முதன்முதல் படித்தபோது, “கல்வியின்மை, கூலி வேலை, பஸ் செலவு” என்று நூலகத்தில் உட்கார்ந்தபடி காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டேன். எழுதிய நோட்டுப் புத்தகத்தின் உள்ளேயே என் மஞ்சள் சீட்டு இருந்தது.

முகாமன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு, பேரேட்டை மூடப்போன என்னிடம் இளைய டாக்டர் ஒருவர், “நாள் முழுவதும் எழுதினீர்களே, நீங்களும் ஒருமுறை உட்காருங்கள்” என்றார். விளையாட்டாகத்தான் உட்கார்ந்தேன். தேர்வு இரவுகளில் தூக்கம் கலைய இனிப்புப் பாக்குப் பொட்டலத்தில் தொடங்கிய பழக்கம் எனக்கு நான்காம் ஆண்டாக இருந்தது. பிறகு அது தேர்வில்லாத இரவுகளுக்கும் பரவிவிட்டது. டாக்டர் இடது கன்னத்தைத் துணியால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு என் பேரேட்டை அவரே திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தில் என் பெயரை எழுதினார்.

நான் ஐந்து வாரம் போகவில்லை. எனக்குக் கல்வி இல்லையா? ஆஸ்பத்திரி சைக்கிள் தூரம், செலவு ஒன்றுமில்லை. முதல் வாரம் உள்தேர்வு என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம் திட்டு சிறுத்துவிட்டதுபோல் கண்ணாடியில் தோன்றியது. மூன்றாம் வாரம், வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா கலங்குவாளே என்று எண்ணினேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றிருந்தால் அவளிடம் சொல்லாமலும் போயிருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை. வலி இல்லை என்பதே எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். வலிக்கிற பல்லுக்கு நடுநிசியிலும் டாக்டரைத் தேடுவோம். வலிக்காத திட்டுக்கு யார் வகுப்பை விட்டுப் போவார்? தெரியாமல் இருக்கும்வரை நோய் இல்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. புள்ளியியலில் அப்படி ஒரு தேற்றம் கிடையாது.

கடைசியில் போனதற்கு வீரம் காரணமில்லை. அந்த 1,927ஐ என் நோட்டில் எழுதிய நாளன்று, அதை 1,928 என்று திருத்த வேண்டுமே என்ற கூச்சம் வந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை சென்றேன். அளவுகோல் வைத்து வாயை அளந்தார்கள், 37 மில்லிமீட்டர். கன்னம் மரத்துப்போக ஊசி போட்டு, பயறளவு ஒரு துண்டை எடுத்து, இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள். ஊசி குத்தியது தவிர வலி ஒன்றும் பிரமாதமில்லை. மூன்று நாள் மோர்ச் சாதம். ஒரு வாரம் கழித்து விடை வந்தது: மேல்தோல் தடித்திருக்கிறது, உயிரணுக்களில் கெட்ட மாறுதல் இல்லை, அடியில் நார் படியத் தொடங்கியிருக்கிறது.

“அப்படியானால் கவலையில்லை அல்லவா?” என்று கேட்டேன். அந்த அம்மையார் என் படிப்பைக் கேட்டறிந்துவிட்டு, “நீங்கள் புள்ளியியல்காரர், நான் எடுத்தது ஒரு மாதிரிதானே? எடுத்த இடத்துக்குத்தான் இந்த விடை. பாக்கை விட்டுவிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள்” என்றார். படிந்த நார் பெரும்பாலும் கரையாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். விட்டால் மேலும் இறுகாமல் நிறுத்தலாம்; திட்டு மறைந்தாலும் மறையலாம். பாக்கை விடுவது எளிதாக இல்லை. முதல் பத்து நாள் தலைவலியும் எரிச்சலும். என் அறைத்தோழன் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

நம் அரசாங்கம் 2016இல் வகுத்த திட்டத்தின்படி 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ச் சோதனை செய்ய வேண்டும். பொதுமக்களைப் பொறுத்தவரை அது தக்க எல்லையே. ஆனால் நம் விடுதியில் 30 வயது நிரம்பியவர் எத்தனை பேர்? நம்மைத் தேடி எந்தப் பணியாளரும் மாடியேறி வரப்போவதில்லை. ஆகையால் பொட்டலம் பிரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைவிளக்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, இரு கன்னங்களையும் விரலால் இழுத்துப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள், இரு ஓரங்களையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளையோ சிவப்போ தென்பட்டாலும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும், மூன்று விரல் நுழையாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் நற்சான்றாகக் கொள்ளாதீர்கள்; என் திட்டு சிறுத்துவிட்டதாக எனக்குச் சொன்னதும் ஒரு கண்ணாடிதான்.

எனக்கு அடுத்த முறை வரச் சொல்லியிருப்பது ஏப்ரல் முதல் திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்கு விடுதி வாயிலில் சைக்கிளோடு நிற்பேன். அன்று முகாமில் சீட்டு வாங்கிய நம் மாணவர்கள் இன்னும் இருவர் இருக்கிறார்கள். பேரேட்டை எழுதியவன் நான், பெயரைச் சொல்ல மாட்டேன். பின்னிருக்கை காலியாகத்தான் இருக்கும்.